தரையறிந்து டயர் மாட்டுவோம்

(லாரி உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் விவசாயிகளும் கூடிய கிராமக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

 

மோட்டார் பணிமனையில் நெடுங்காலம் உழைத்தவன் என்ற தகுதி ஒன்றைக்கொண்டே உங்கள்முன் நிற்கிறேன். அழகிய சொற்பொழிவு ஆற்றும் ஆற்றல் எனக்கு இல்லை. ஆனால் லாரிக்கு அடியில் படுத்துக் கற்ற பாடங்கள் சில உண்டு. அவற்றைப் பகிர்ந்துகொள்ளவே வந்திருக்கிறேன்.

சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்தவர்களுக்கு லாரியைப் பற்றி அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. நாமக்கல்லில் கட்டப்படும் லாரிக் கூடுகள் நாடெங்கும் ஓடுகின்றன. சங்ககிரியில் லாரி இல்லாத தெருவைக் காண்பது அரிது. திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ஆழ்குழாய்க் கிணற்று ரிக் லாரிகள் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் வரை சென்று பாறையைத் துளைத்துத் தண்ணீர் காண்கின்றன. நெடுஞ்சாலையில் ஓடும் லாரிக்கும் இந்த ரிக் லாரிக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. சரக்கு லாரி கிடங்கில் தொடங்கிக் கிடங்கில் முடிக்கும். ரிக் லாரியோ தார்ச்சாலையில் ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டு, கடைசி அரை கிலோமீட்டரை உழுத வயலில் கடக்க வேண்டும். கல்குவாரி டிப்பரும், கரும்பு ஏற்ற வயலுக்கு இறங்கும் லாரியும், மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் லாரியும் இதே வகையைச் சேர்ந்தவை. சாலையை விட்டு இறங்கும் இந்த வண்டிகளுக்கு எப்படிப்பட்ட டயரைத் தேர்ந்தெடுப்பது என்பதே இன்றைய பேச்சு.

இது உரிமையாளரின் பணப்பை பற்றிய விஷயம் மட்டுமன்று. ஓட்டுநரின் உயிரும், பஞ்சர் கடைத் தொழிலாளியின் உயிரும், விவசாயியின் நிலமும், பஞ்சாயத்துச் சாலையும் இதில் அடங்கியுள்ளன.

ஒரு நாள் சேறும் முந்நூறு நாள் சாலையும்

பல ஆண்டுகளுக்கு முன் ரிக் உரிமையாளர் ஒருவர் என் பணிமனைக்கு வந்தார். அவருடைய லாரி ஒரு மழைநாளில் கரிசல் வயலில் அச்சு வரை புதைந்து, இரண்டு டிராக்டர்களைக் கட்டி இழுக்க நேர்ந்திருந்தது. அந்த அவமானம் அவரை உறுத்தியது. தடித்த கட்டைகளும் ஆழ்ந்த பள்ளங்களும் கொண்ட சுரங்க டயர்களைப் பத்துச் சக்கரங்களுக்கும் வாங்கி மாட்டச் சொன்னார். வேண்டாம் என்றேன், அவர் கேட்கவில்லை. அடுத்த பயணம் வடநாட்டுக்கு. திரும்பி வந்தபோது முன்சக்கர டயர்கள் ரம்பப் பல்லைப்போலத் தேய்ந்திருந்தன. ஸ்டியரிங் நடுக்கத்தால் தோள் கழன்று போவதுபோல் இருந்தது என்று ஓட்டுநர் சொன்னார். பின்சக்கரத்தில் ஒரு டயர் வெயிலில் சூடேறி, கட்டை கட்டையாகப் பிய்ந்திருந்தது. ஒரு நாள் சேற்றுக்காக வாங்கிய டயரை அவர் முந்நூறு நாள் தார்ச்சாலையில் தேய்த்தார். அந்தக் கடன் தீர அவருக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

தவறு டயரில் இல்லை. அது குவாரிக்குள் மெல்ல ஓடுவதற்குச் செய்யப்பட்டது. ரப்பர் எவ்வளவு தடிமனோ அவ்வளவு சூட்டை அது தன்னுள் தேக்கும். வேகமாக, நீண்ட தூரம் ஓடினால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. 40 டிகிரியை எட்டும் நம் கோடையில் கேட்கவும் வேண்டுமோ?

ஆகவே டயர் கடைக்குப் போகுமுன் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். சென்ற மூன்று மாதங்களில் உங்கள் வண்டி தார்ச்சாலையில் எத்தனை கிலோமீட்டர், மண் பாதையில் எத்தனை, கல் நிலத்தில் எத்தனை ஓடியது என்று எழுதுங்கள். மிகுதியாக ஓடும் தரைக்கு ஏற்ற டயரை வாங்குங்கள். குறைவாக ஓடும் கடினமான தரையை எச்சரிக்கையாலும் உபாயத்தாலும் கடக்கலாம். நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான். மற்றவை இதன் விளக்கமே.

முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று

டயரின் தரை படும் பாகத்தைப் பாருங்கள். நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளம் ஓடினால் அது ரிப் டயர். அது நேராக உருளும்; திருப்பினால் சொன்னபடி கேட்கும்; சூடு குறைவு. ஆகையால் முன்சக்கரத்துக்கு அதுவே ஏற்றது. குறுக்கே தடித்த கட்டைகள் இருந்தால் அது லக் டயர். அது மண்ணைக் கடித்து வண்டியை உந்தும். எஞ்சின் இழுவை செல்லும் பின்சக்கரத்துக்கு அது ஏற்றது. இவ்விரண்டின் குணமும் ஓரளவு கலந்த டயர்களும் உண்டு. சாலையிலும் மண்ணிலும் மாறி மாறி ஓடும் ரிக் லாரிக்குப் பின்சக்கரத்தில் இந்தக் கலப்பு வகை பெரும்பாலும் போதும். குவாரியை விட்டு வெளியே அதிகம் வராத டிப்பருக்கு மட்டுமே முழுச் சுரங்க டயர் பொருந்தும்.

அடுத்தது நைலானா, ரேடியலா என்ற கேள்வி. நைலான் டயரில் நூலடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகப் படுத்திருக்கும். பக்கச்சுவர் தடிமனானது; கல் குத்தினால் தாங்கும்; வெட்டுப் பட்டால் பழுது பார்ப்பதும் எளிது. ரேடியலில் நூல்கள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராகச் செல்ல, மேலே எஃகுக் கம்பிப் பட்டைகள் சுற்றியிருக்கும். உருளும்போது சூடு குறைவு, டீசல் மிச்சம், ஆயுள் அதிகம். ஆனால் பக்கச்சுவர் மெல்லியது. கூரிய கல்லின் விளிம்பு பட்டால் கிழியும். நெடும்பயணம் போகும் ரிக் லாரிக்கு ரேடியல் நல்லது. உடைந்த பாறைக்கிடையே நாளெல்லாம் கிடக்கும் வண்டிக்கு நைலானை ஒதுக்கிவிட முடியாது. ஒரே அச்சில் ஒன்று நைலானும் ஒன்று ரேடியலுமாக மட்டும் ஒருபோதும் மாட்டாதீர்கள்.

நம் வட்டாரத்துத் தரையும் ஒரே விதமாக இல்லை. செம்மண் நிலத்தில் சரளையும் வெங்கச்சங்கல்லும் கலந்திருக்கும். அங்கே புதைவதைக் காட்டிலும் வெட்டுப் படுவதே ஆபத்து. கரிசல் உள்ள இடங்களில் மழைக்குப்பின் மண் பள்ளங்களை அடைத்துக்கொள்ளும். பள்ளம் அடைபட்டால் எந்த லக் டயரும் மொட்டை டயரே. மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கம் காவிரிக் கரையில் மணல். அங்கே ஆழ்ந்த கட்டை சக்கரத்தைத் தோண்டித் தோண்டிப் புதைக்குமே அன்றி மேலே ஏற்றாது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக் டிரம்மின் சூடு சக்கர வளையம் வழியாக டயரின் விளிம்புக்கு ஏறும். அங்கே சரியான கியரே டயரைக் காக்கும்.

பக்கச்சுவரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

டயரின் பக்கச்சுவர் ஒரு சாசனம். 10.00R20 என்றிருந்தால் அகலம் சுமார் 10 அங்குலம், வளையத்தின் விட்டம் 20 அங்குலம், நடுவிலுள்ள எழுத்து ரேடியல் என்பதன் குறி. 146/143 என்று இரண்டு எண்கள் இருந்தால், தனியாக மாட்டும்போது 3,000 கிலோவும், இரட்டையாக மாட்டும்போது ஒவ்வொன்றும் 2,725 கிலோவும் தாங்கும் என்று பொருள். அதை அடுத்து வரும் எழுத்து வேக வரம்பு: 'கே' என்றால் மணிக்கு 110 கிலோமீட்டர், 'எஃப்' என்றால் 80 மட்டுமே. கரடுமுரடான தரைக்குச் செய்த டயர்களில் வேக வரம்பு குறைந்திருப்பதைக் காண்பீர்கள். கடைசியில் நான்கு இலக்கங்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி ஒரு சிறு கணக்கு. 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு திருத்திய அச்சுப்பார விதிப்படி, எட்டு டயர் கொண்ட பின் இரட்டை அச்சுக்கு உச்சவரம்பு 21 டன். எட்டால் வகுத்தால் டயர் ஒன்றுக்கு 2,625 கிலோ. நாம் பார்த்த டயர் தாங்குவது 2,725. மிச்சம் வெறும் 100 கிலோ! இரட்டையில் ஒன்று காற்று இறங்கிப்போனால் பக்கத்து டயரின்மேல் விழுவது 5,250 கிலோ. அது எத்தனை கிலோமீட்டர் பொறுக்கும்?

இதில் ரிக் லாரிக்கு ஒரு தனித் துன்பம் உண்டு. சரக்கு லாரி சுமையை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகவும் ஓடும். டயருக்கு ஓய்வு கிடைக்கும். ரிக் லாரியின் சுமையோ அதன் முதுகோடு பிணைக்கப்பட்டது. இரவு பகல், ஓடினாலும் நின்றாலும், அந்தப் பாரம் இறங்குவதே இல்லை. ஆகையால், நிறைசுமை ஏற்றிய சரக்கு லாரிக்குச் செய்யும் கணக்கை ரிக் லாரிக்கு என்றென்றைக்குமாகச் செய்ய வேண்டும். புதிதாக ரிக் கட்டுகிறவர்கள், வண்டியை எடைமேடையில் ஏற்றி ஒவ்வொரு அச்சின் எடையையும் தனித்தனியே அறிந்த பிறகே டயர் வாங்க வேண்டும்.

சுமையைத் தாங்குவது காற்று

ரப்பர் சுமையைத் தாங்குகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. ரப்பரும் நூலும் அதைக் கட்டிவைத்திருக்கும் பை. காற்றடைத்த சக்கரத்துக்கு 1845-இல் உரிமம் பெற்றவர் ராபர்ட் வில்லியம் தாம்சன். 1888-இல் அதை மீண்டும் கண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் டன்லப். அன்றுமுதல் இன்றுவரை அந்தத் தத்துவம் மாறவில்லை.

120 பவுண்டு காற்று என்பது சதுர சென்டிமீட்டருக்கு எட்டுக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட அழுத்தம். 2,625 கிலோ சுமக்கும் டயர் தரையில் பதியும் இடம், பள்ளிப் பிள்ளையின் நோட்டுப் புத்தகப் பக்கம் ஒன்றைவிடப் பெரிதன்று. அந்தச் சிறு இடத்தில்தான் உங்கள் வண்டியும் முதலும் உயிரும் நிற்கின்றன.

காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிரும், மடிப்பில் சூடு பிறக்கும், சூட்டில் அடுக்குகள் பிரியும், பிறகு வெடிக்கும். கம்பியால் தட்டிச் சத்தம் கேட்டுக் காற்றை அறிவது நம் ஓட்டுநர்களின் வழக்கம். முற்றிலும் காற்றுப் போன டயரை அது காட்டும். 20 பவுண்டு குறைந்ததைக் காட்டாது. அளவி ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காலையில், புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கையில் உள் டயரையும் சேர்த்து அளவுங்கள். ஓடிச் சூடானபின் அளவு கூடியிருப்பது இயல்பு. அதைக் கண்டு காற்றைத் திறந்துவிடுவது பிழை.

மணலில் காற்றைச் சற்றுக் குறைத்தால் டயரின் பாதம் நீண்டு புதைவு குறையும் என்பது மெய்தான். ஆனால் முழுப்பாரம் சுமக்கும் லாரிக்கு அதைத் தயாரிப்பாளரின் அட்டவணை அனுமதிக்கும் அளவுக்குள், நடை வேகத்தில், சிறிது தூரத்துக்கு மட்டுமே செய்யலாம். சாலை ஏறுமுன் மீண்டும் நிரப்பியே ஆகவேண்டும். ரிக்கின் துளையிடும் கம்ப்ரஸர் பக்கத்தில் இருக்கிறதே என்று அதிலிருந்து நேராக நிரப்ப நினைப்பவர்கள் உண்டு. அதன் அழுத்தம் டயர் தாங்குவதைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்டது. அந்தக் காரியத்தைச் செய்யாதீர்கள்.

வயலிலிருந்து சாலை ஏறியதும் வண்டியை நிறுத்தி இரட்டை டயர்களின் இடைவெளியைப் பாருங்கள். அங்கே சிக்கிய ஒரு கல் இரு டயர்களையும் அறுத்துவிடும். வேகத்தில் தெறித்துப் பின்னால் வருபவரின் தலையையும் பிளக்கும். இரட்டையில் இருப்பவை சம உயரம் உடையனவா என்றும் பாருங்கள். ஒன்று புதியதும் ஒன்று தேய்ந்ததுமானால் உயர்ந்தது சுமையைச் சுமக்கும். தாழ்ந்தது வேடிக்கை பார்க்கும்.

மறு ரப்பர் ஒட்டிய டயர்

தேய்ந்த டயருக்கு மறு ரப்பர் ஒட்டி ஓட்டும் ரீட்ரெடிங் தொழில் நம் பக்கத்தில் செழித்திருக்கிறது. இன்று பெரிய டயர் நிறுவனமாக விளங்கும் எம்.ஆர்.எஃப். கூட, 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கி, 1952-இல் இந்த ஒட்டு ரப்பரில் இறங்கி, அதன் பின்னரே 1961-இல் டயர் உற்பத்திக்கு வந்தது. ஆகவே மறு ரப்பரை இகழ வேண்டியதில்லை. உடல் நன்றாக இருந்தால் அது நல்ல சிக்கனம். ஆனால் விதி மூன்று. நூல் தெரியும்வரை தேய்க்காமல், பள்ளம் கொஞ்சம் எஞ்சியிருக்கும்போதே கழற்றிக் கொடுங்கள். சட்டம் கூறும் கடைசி எல்லையே 1.6 மில்லிமீட்டர். கல் வெட்டு நூலைத் தொட்ட டயருக்கு மறு ரப்பர் ஒட்டாதீர்கள். ஒட்டிய டயரை முன்சக்கரத்தில் மாட்டவே மாட்டாதீர்கள். பின்னால் ஒன்று வெடித்தால் வண்டி நிற்கும், முன்னால் வெடித்தால் வண்டி திரும்பிவிடும்.

ஒரு வளையம் பறித்த உயிர்

இதைச் சொல்லாமல் இறங்க என் மனம் இடந்தராது. டயரையும் ட்யூபையும் பிடித்துநிறுத்த ரிங் போடும் பழைய வகைச் சக்கரங்கள் இன்றும் பல வண்டிகளில் உள்ளன. ஒரு சாலையோரக் கடையில், இருபது வயதுகூட நிரம்பாத இளைஞன் ஒருவன், காற்று முழுதும் இறக்காமல் சக்கரத்தைக் கழற்றினான். அந்த ரிங் வெடித்துப் பறந்தது. நான் ஓடிச் சென்றபோது செய்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அன்று மாலை அவன் தாய் வந்து நின்ற கோலம் இன்றும் என் கண்முன் நிற்கிறது.

இரட்டைச் சக்கரத்தின் நட்டைத் தளர்த்துமுன், உள்ளும் வெளியும் உள்ள இரு டயர்களின் வால்வு ஊசியையும் எடுத்துக் காற்றை முற்றிலும் இறக்குங்கள். துருப்பிடித்த, வளைந்த ரிங்கை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். காற்று அடைக்கும்போது சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் வையுங்கள். நீண்ட குழாய் பொருத்தி, நேரே நிற்காமல் பக்கவாட்டில் விலகி நில்லுங்கள். கூண்டு இல்லாத கடையில் உங்கள் வண்டியின் சக்கரத்தைக் கொடுப்பதில்லை என்று உரிமையாளர்கள் உறுதி பூண்டால், எல்லாக் கடைகளிலும் கூண்டு வந்துவிடும்.

விவசாயப் பெருமக்களுக்கு

கிணறு வெட்ட ரிக்கை அழைக்கும் விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. ஈரமண்ணில் அச்சுக்குப் பத்து டன் அளவில் பாரம் ஏறினால் அரை மீட்டர் ஆழம் வரைகூட மண் இறுகக்கூடும். சாதாரண உழவு அந்த ஆழத்தை எட்டாது. பயிரின் வேர் அங்கே முட்டி நிற்கும். தண்ணீர் கிடைத்தும் விளைச்சல் குறைந்ததேன் என்று பிறகு வியக்க வேண்டிவரும். ஆகவே அறுவடை முடிந்து நிலம் காய்ந்திருக்கும் காலத்தில் ரிக்கை அழையுங்கள். வண்டி வரும் வழியை நீங்களே முன்னதாக நடந்து பார்த்து, நிலத்தடிக் குழாய்களுக்குக் குச்சி நட்டு அடையாளம் காட்டுங்கள். போகவும் வரவும் ஒரே தடம் போதும். இளகிய இடத்தில் தென்னை மட்டையும் கல்லும் பரப்புங்கள். வேலை முடிந்தபின் அந்தத் தடத்தை உளிக்கலப்பையால் ஆழ உழுதுவிடுங்கள்.

ஓட்டுநர் நண்பர்களே, "ஆழம் அறியாமல் காலை விடாதே" என்பது சக்கரத்துக்கும் பொருந்தும். இறங்குமுன் கீழே இறங்கி, வயலில் குதிகாலை ஊன்றிப் பாருங்கள். குதிகால் அமிழும் மண்ணில் வண்டியும் அமிழும். ஒரு நாள் பொறுப்பதே மேல். வாடகை போகிறதே என்று உரிமையாளர் வற்புறுத்தலாகாது.

சாலையும் நம்முடையதே. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையில், அச்சுப் பாரம் கூடக்கூடச் சாலையின் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் மடியில் கூடுகிறது என்று கண்டார்கள். அதாவது பாரம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் சேதம் இருமடங்காகும். நெடுஞ்சாலைக்கே இக்கதி என்றால், மெல்லிய கிராமச் சாலை என்ன செய்யும்? பள்ளிக்குச் சைக்கிளில் போகும் பிள்ளை அந்தக் குழியில்தான் விழுகிறது.

நண்பர்களே! தரையைப் பாருங்கள், சுமையை எடையிடுங்கள், காற்றை அளவுங்கள். இம்மூன்றும் தெரிந்தவனுக்கு டயர் கடையில் எவர் ஆலோசனையும் வேண்டியதில்லை. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்றார்கள் நம் முன்னோர். நம் காலத்துத் தேருக்கு அச்சாணி, அந்த நோட்டுப் புத்தகப் பக்கத்தளவு ரப்பர்தான். அதைப் பேணினால் வண்டி வீடு திரும்பும். வண்டியோடு சென்றவரும் வீடு திரும்புவார்.